வைரஸ் கையில் பென்சில் கிடையாது: திடலில் ஆடும் மரபியல் ஆட்டம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். லயத்தில் யாருக்காவது டிங்கி வந்து புகையடிக்க ஆள் வந்தால் எல்லாரும் பின்னாலேயே ஓடுவார்கள். ஆனால் வைரஸ் எப்படிப் பெருகுது என்று கேட்டால், "குட்டி போடும் டீச்சர்!" இந்த ஆட்டம் அந்தப் பதிலுக்காக உருவானது.

வேண்டியவை: 15 பிள்ளைகள், வெண்கட்டி, 14 பென்சில், பழைய பயிற்சித்தாளைக் கிழித்த துண்டுகள், காலி மைலோ டின் ஒன்று.

படி 1. திடலில் 7 வட்டம் போடுங்கள். ஒவ்வொன்றும் ஓர் உயிரணு. உள்ளே பென்சிலோடு இருவர். மிஞ்சிய ஒரு பிள்ளைதான் வைரஸ். அதன் கையில் ஒரே ஒரு துண்டு:

அயுகு சைஅஅ யுயுஅ குசையு

அடினின், யுராசில், குவானின், சைட்டோசின் என்ற நான்கு மூலக்கூறுகளின் முதலெழுத்துகள் இவை. டிங்கி வைரஸின் மரபுச் செய்தியைத் தாங்கும் ஆர்என்ஏவும் இந்த நான்கால் ஆனதுதான், நீளம் ஏறத்தாழ 10,700 எழுத்து. நமக்கு 12 போதும்.

வைரஸுக்குப் பென்சில் கொடுக்கவே கூடாது. எவ்வளவு கெஞ்சினாலும் சரி. தன்னைத் தானே எழுதிக்கொள்ள முடியாமல் அது உயிரணுவைத் தேடி ஓடுவதுதான் பாடமே.

படி 2. வைரஸ் ஒரு வட்டத்துக்கு ஓடி, துண்டை 8 வினாடி காட்டிவிட்டு மறைத்துவிட வேண்டும். உள்ளே இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதுவார்கள். பின்பக்கத்தில் தன் பெயர், காட்டியவர் பெயர். பழைய துண்டு டின்னுக்குள் போகும், காட்டிய பிள்ளை மரத்தடிக்குப் போகும். எழுதிய இருவரும் பென்சிலைப் போட்டுவிட்டு, தாங்கள் எழுதியதோடு அடுத்த வட்டங்களுக்கு ஓடுவார்கள். 1, 2, 4, 8.

(நிஜத்தில் அவுக்கு எதிரே யு, குவுக்கு எதிரே சை என்று எதிர்ப்படி எடுத்துத்தான் நகல் வரும். முதல் நாளே அதையும் சேர்த்தால் கூட்டம் குழம்பிவிடும்.)

படி 3. முதல் தடவை நான் செய்த தவறு, வாத்தியார் புத்தியில் பிழையைத் திருத்தியது. கடைசியில் எட்டுத் துண்டும் அச்சடித்த மாதிரி ஒன்றாகவே இருந்தன, பேச ஒன்றுமில்லை. திருத்தாதீர்கள். பிழைதான் மரபுப் பிறழ்வு.

ஆனால் ஓடும் முன் துண்டை மூன்று மூன்று எழுத்தாகப் படித்துப் பாருங்கள். மூன்றெழுத்து ஒரு சொல், புரதத்தில் அடுத்து எந்த அமினோ அமிலம் சேரும் என்று அது சொல்லும். யுஅஅ, யுஅகு, யுகுஅ மூன்றும் மட்டும் நிறுத்தச் சொற்கள். நடுவில் வந்தால் புரதம் பாதியில் நின்றுவிடும், அந்தப் பிள்ளை அவுட். சைஅஅ என்பது சைஅகு ஆனால் வருவது குளுட்டமின் என்ற அதே அமினோ அமிலம், ஓடலாம். ஒருவன் சை ஒன்றை விட்டுவிட்டான். அயுகு அஅயு யுஅகு என்று எல்லாம் ஓரெழுத்து நகர்ந்து நிறுத்தச் சொல்லில் போய் முட்டியது. "ஒரே எழுத்துதானே டீச்சர்!" என்று அவன் போட்ட சண்டையில் பாதிப் பாடம் முடிந்தது. முதல் இருவருமே அவுட்டானால் மறுபடி தொடங்குங்கள்.

படி 4. மிஞ்சிய துண்டுகளைத் தரையில் பரப்புங்கள். ஒரே பிழை உள்ளவை பங்காளிகள். யார் யாரிடமிருந்து வந்தது என்று பிள்ளைகளே வெண்கட்டியால் கிளை வரையட்டும்.

இந்த இடத்தில் நிப்பா வைரஸின் கதையைச் சொல்லலாம். 1998இல் நம் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய காய்ச்சலை முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே எண்ணினார்கள். 1999இல் வைரஸைப் பிரித்தெடுத்து மரபெழுத்துகளை ஒப்பிட்டபோது, அது 1994இல் ஆஸ்திரேலியாவில் கண்டறிந்த ஹெண்ட்ரா வைரஸின் பங்காளி என்று தெரிந்தது.

கிளை வரைந்து முடித்தபின் துண்டுகளைப் புரட்டிப் பெயர் பாருங்கள், டின்னைத் திறந்து சரிபாருங்கள். அதுவரை டின்னை உங்கள் மடியிலேயே வைத்திருங்கள். எட்டிப் பார்க்க ஆள் வரும்.