அண்டி ஆபீஸில் வேலையின் அருமையை உணரச் செய்யும் வழிகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், கருங்கல் வட்டாரங்களில் முந்திரி ஆலையை 'அண்டி ஆபீஸ்' என்றே மக்கள் சொல்வார்கள். அங்கு நாள் முழுவதும் பருப்பின் தோலை உரிக்கும் பெண்களுள் பலருக்கு, தாம் உரித்தது அதன்பின் எங்கே போகிறது, தம் விரல்களின் பக்குவத்தால் அதன் விலை எவ்வளவு மாறுகிறது என்பதை எவரும் சொல்வதில்லை. அவர்களை வழிநடத்தும் மேற்பார்வையாளர்களுக்காக, அந்தப் பொறுப்பில் இருந்து நான் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எடையையும் கூலியையும் சரிசெய்யுங்கள். கிலோக் கணக்கில் கூலி தரும் இடத்தில் தராசின் எண்கள் தொழிலாளியின் கண்ணில் பட வேண்டும். அன்றன்றைய கணக்கு அவர் கையிலும் இருக்க வேண்டும். இதில் ஐயம் இருக்கும்வரை, வேலையின் மேன்மையைப் பற்றி நாம் பேசும் எந்தச் சொல்லும் கூலியைக் குறைப்பதற்கான முன்னுரையாகவே அவர்கள் காதில் விழும். அப்படி விழுவது நியாயமும்கூட.

அடுத்து, உரிப்புப் பகுதியில் இருப்பவர்களைத் தரம்பிரிக்கும் மேசைக்கு அழைத்துச் செல்லுங்கள். டபிள்யூ 320 என்னும் தரத்தில் ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, 300 முதல் 320 வரை முழுப்பருப்புகள் இருக்கும் என்பதை எண்ணியே காட்டலாம். அந்தக் கணக்கில் ஒரு கிலோ உரிப்பவர் 650-க்கும் மேற்பட்ட பருப்புகளை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து, உடையாமல் காத்துத் தருகிறார். முழுப்பருப்புக்கும் துண்டுக்கும் உள்ள விலை வேறுபாட்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். சொன்னால் கூடுதல் கூலி கேட்பார்களே என்று அஞ்சும் முதலாளிகள் உண்டு. கேட்கட்டும், கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது.

இவற்றையெல்லாம்விடக் கடினமானது, அவர்களுடைய தொழிலறிவுக்குச் செவிசாய்ப்பது. நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டு தென்மேற்குப் பருவமழையின்போது உடைந்த பருப்பு மிகுந்துவிட்டது. கவனக்குறைவு என்று எண்ணி எல்லோரையும் கடிந்துகொண்டேன். மூத்த தொழிலாளி ஒருவர் மட்டும், "பருப்பு குளுந்து போச்சு சார், தொலி விடமாட்டேங்குது" என்றார். போர்மா என்னும் உலர்த்தும் அறையிலிருந்து வந்த பருப்பு ஈரக்காற்றில் திறந்து கிடந்தால், உலர்ந்து பிரியவேண்டிய தோல் ஈரத்தை உறிஞ்சி மீண்டும் பருப்போடு ஒட்டிக்கொள்கிறது. அழுத்தி உரித்தால் பருப்பு இரண்டாகிறது. இரண்டு பருவமழைகளும் பெய்யும் நம் மாவட்டத்தில் ஆண்டுதோறும் வரும் சிக்கல் இது. அவர்கள் எல்லோருக்கும் அது தெரிந்தும் இருந்தது. மழைநாளில் பருப்பைச் சிறிது சிறிதாக எடுத்து மூடிவைத்துக் கொடுத்தபோது உடைவு குறைந்தது. தவறு என்னுடையது என்பதை, கடிந்துகொண்ட அதே இடத்தில், எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர்கள் என்னிடம் தாமாகவே பேசத் தொடங்கினார்கள்.

ஆகவே வாரம் ஒருமுறை, கூலி நேரத்திற்குள்ளேயே, 10 நிமிடம் ஒதுக்கி, வேலைக்குத் தடையாக இருப்பது எது என்று கேளுங்கள். வெளிச்சம் போதவில்லை, தரையில் குந்தியிருந்து இடுப்பு வலிக்கிறது என்பவைபோன்ற எளிய குறைகளே முதலில் வரும். அவற்றுள் ஒன்றையாவது அடுத்த வாரத்திற்குள் தீர்த்துவிடுங்கள். தீர்க்க இயலாததற்குக் காரணத்தைச் சொல்லுங்கள்.

புதிதாக வருபவருக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பைக் கைதேர்ந்தவரிடம் ஒப்படைப்பது நல்லது. ஆனால் கற்பிக்கும் நாளில் அவர் உரிக்கும் அளவு குறையுமாதலால், அந்த இழப்பை ஈடுசெய்யாமல் கொடுக்கும் பெருமை அவருக்குச் சுமையாகிவிடும்.

ஒவ்வொருவரிடமும் அவருக்கு என்ன வேண்டும் என்று தனியே கேட்டறியுங்கள். ஒருவர் தரம்பிரிக்கக் கற்க விரும்புவார். மற்றொருவருக்கு, பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர 4 மணிக்குப் புறப்பட முடிந்தாலே போதும். பின்னவரிடம் பதவி உயர்வைத் திணிக்காமல், அவர் காலையில் வந்து அமரும்போதே உரிக்கவேண்டிய பருப்பு தயாராக இருக்கும்படி ஏற்பாடு செய்துகொடுங்கள்.