உபுண்டு மேம்படுத்தல் பாதியில் நின்றால் என்ன செய்வது?

உபுண்டு 22.04-இலிருந்து 24.04-க்கு மாறும்போது முன்னேற்றப் பட்டை ஓரிடத்தில் நின்றுவிட்டதா? பவர் பொத்தானை மட்டும் அழுத்திவிடாதீர்கள். பொதிகள் (மென்பொருள் தொகுப்புகள்) அரைகுறையாக நிறுவப்பட்டிருக்கும் நேரத்தில் அணைத்தால், கணினி மறுபடி துவங்காமலே போகலாம்.

கட்டளைகளை ஒலிப்புப்படி எழுதியிருக்கிறேன். முனையத்தில் (கட்டளைகள் தட்டும் சாளரம்) ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

படி 1: உண்மையிலேயே நின்றுவிட்டதா?

இன்னொரு முனையம் திறந்து இதைக் கொடுங்கள்:

சுடோ டெயில் -எஃப் /வார்/லாக்/டிஸ்ட்-அப்கிரேட்/ஆப்ட்-டெர்ம்.லாக்

வரிகள் ஓடினால் வேலை நடக்கிறது. கடைசி வரியில் தண்டர்பேர்டு (மின்னஞ்சல் செயலி) என்று இருந்தால் கூடுதல் பொறுமை வேண்டும். 24.04-இல் அது ஸ்னாப் என்ற வேறு வகைப் பொதியாகிவிட்டதால், நடுவே இணையத்திலிருந்து இறங்குகிறது.

படி 2: ஏதாவது கேட்டுவிட்டுக் காத்திருக்கிறதா?

என்னை மிகவும் அலைக்கழித்த இடம் இதுதான். நின்றுவிட்டதாகத் தோன்றும் மேம்படுத்தல் பெரும்பாலும் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும். கேள்விப் பெட்டி வேறு சாளரங்களுக்குப் பின்னால் மறைந்திருக்கலாம். மேம்படுத்தல் சாளரத்தின் அடியில் உள்ள முனைய விரிப்புக்குள்ளும் இருக்கலாம். அதையும் திறந்து பாருங்கள்.

நீங்கள் மாற்றிய அமைப்புக் கோப்பு ஒன்றைப் புதியதால் மாற்றவா என்று கேட்டால், 'டி' அழுத்துங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். வெறும் என்டர் தட்டினால் பழைய கோப்பே இருக்கும். நான் பழையதையே வைத்துக்கொள்வேன். புதியதைப் பிறகு நிதானமாக ஒப்பிடலாம். எழுத்துத் திரையில் 'ஓகே' என்று மட்டும் தெரிந்தால் சுட்டியால் பயனில்லை. டேப் விசையால் அங்கே போய் என்டர் தட்டுங்கள்.

படி 3: செயல்முறையே செத்துவிட்டால்

இந்த வரிசையில் கொடுங்கள்:

சுடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ
சுடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்
சுடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்

பூட்டு (இரண்டு நிறுவிகள் ஒரே நேரத்தில் ஓடாமல் தடுப்பது) இருப்பதாகப் பிழை வந்தால், அதிலேயே செயல்முறை எண் இருக்கும். அது இன்னும் ஓடுகிறதா என்று பார்த்து, முடியும்வரை காத்திருங்கள். பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்லும் குறிப்புகளை நம்பவே நம்பாதீர்கள். அழித்தால் இரண்டு நிறுவிகள் ஒரே தரவுத்தளத்தில் எழுதத் தொடங்கி, மிச்சமிருப்பதும் கெட்டுவிடும்.

பிற்சேர்க்கை: வட்டில் இடமில்லை என்ற பிழை வருவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். 'டிஎஃப் -எச் /பூட்' கொடுத்துப் பாருங்கள். துவக்கக் கோப்புகள் இருக்கும் அந்த வட்டுப் பகுதி நிரம்பியிருந்தால் 'சுடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்' பழைய கெர்னல்களை (இயங்குதளத்தின் மையக்கரு) நீக்கும். இப்போது ஓடும் கெர்னலைத் தொடாது. பிறகு மூன்றாம் படியை மீண்டும் செய்யுங்கள்.

தொலைவிலுள்ள சர்வரில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் இணைப்பு) துண்டித்துப்போனது என்றும் ஒருவர் கேட்டிருந்தார். இதற்காகவே நான் வரைகலைக் கருவியை விட 'டு-ரிலீஸ்-அப்கிரேட்' கட்டளையை விரும்புகிறேன். அது ஸ்கிரீன் என்ற நிரலின் அமர்வுக்குள் ஓடுவதால், இணைப்பு போனாலும் வேலை தொடரும். மறுபடி உள்ளே நுழைந்து 'சுடோ ஸ்கிரீன் -டி -ஆர்' கொடுத்தால் விட்ட இடத்துக்கே வந்துவிடலாம். வழக்கமான எஸ்எஸ்எச் வாசல் (போர்ட்) திறக்கவில்லையென்றால் 1022-ஆம் போர்ட்டில் முயலுங்கள். எஸ்எஸ்எச் வழியாகத் தொடங்கிய மேம்படுத்தல் அவசரத்துக்காக அங்கே இன்னொரு வாசலைத் திறந்து வைக்கும். ஃபயர்வாலில் அந்த எண்ணை முன்பே அனுமதித்திருக்க வேண்டும்.