தென்னாப்பிரிக்காவில் முதல் பிரசவம்: முன்னதாகவே முடிக்க வேண்டிய வேலைகள்

தொட்டில், துணிமணி, டயப்பர் எல்லாம் குழந்தை பிறந்த மறுநாள்கூடக் கடையில் கிடைக்கும். கல்யாணச் சான்றிதழும் மெடிக்கல் எய்டும் (இங்குள்ள தனியார் மருத்துவக் காப்பீடு) அப்படிக் கிடைக்காது. ஜோகன்னஸ்பர்க், டர்பன் என்று வேலை வீசாவில் வந்திருக்கும் நம் ஆட்கள் பலர் நிறைமாதம் வரை கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். சிக்கல் வருவதோ காசிலும் காகிதத்திலும்.

முதலில் காசு. கருத்தரித்த பிறகு மெடிக்கல் எய்டில் சேர்ந்தால், அந்தப் பிரசவச் செலவை 12 மாதம் வரை விலக்கிவைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே குழந்தைக்குத் திட்டமிடும்போதே சேர்ந்துவிடுங்கள். சேர்ந்துவிட்டால் மட்டும் போதாது. தனியார் மருத்துவமனையில் கட்டிலுக்கு ஒரு பில், மகப்பேறு மருத்துவருக்கு ஒன்று, மயக்க மருந்து கொடுப்பவருக்கு ஒன்று, குழந்தை மருத்துவருக்கு ஒன்று எனத் தனித்தனியாக வரும். ஸ்கீம் ரேட், அதாவது மெடிக்கல் எய்ட் நிர்ணயித்த கட்டணம், அதைப் போல இரண்டு மூன்று மடங்கு வாங்கும் மருத்துவர்கள் உண்டு. உங்கள் பிளான் அந்த ரேட்டில் 100% மட்டும் தருமானால் மிச்சம் உங்கள் தலையில். “ஸ்கீம் ரேட்டில் எத்தனை சதவீதம் வாங்குவீர்கள்? உங்களோடு வரும் மயக்க மருத்துவர் எவ்வளவு?” என்று முதல் சந்திப்பிலேயே எழுத்தில் கேளுங்கள். தனியாரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பிரசவம் சிசேரியன். சுகப்பிரசவம் விரும்பினால், எந்தெந்த நிலையில் கத்தி வைப்பார் என்பதையும் அப்போதே பேசிவிடுவது நல்லது. குழந்தை பிறந்த 30 நாளுக்குள் அதன் பெயரையும் மெடிக்கல் எய்டில் சேர்த்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் அதற்கும் காத்திருப்புக் காலம் விழலாம்.

மெடிக்கல் எய்ட் இல்லாத கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் அரசு மருத்துவம் இலவசம். வெளிநாட்டவர் என்று காரணம் காட்டி இதை மறுப்பது சட்டவிரோதம் என 2023-ல் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 14 வாரத்துக்குள் பக்கத்து கிளினிக்கில் பதிந்து, அவர்கள் தரும் மகப்பேறு கையேட்டை எங்கே போனாலும் பையில் வைத்திருங்கள்.

அடுத்தது பெயர். நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பிறப்பை 30 நாளுக்குள் ஹோம் அஃபேர்ஸில் (உள்துறை அலுவலகம்) டிஎச்ஏ-24 படிவத்தில் பதிய வேண்டும். மருத்துவமனை தரும் பிறப்பு அத்தாட்சி, இருவர் பாஸ்போர்ட், செல்லுபடியாகும் வீசா, கல்யாணச் சான்றிதழ் எல்லாம் கையில் இருக்கவேண்டும். அந்தப் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு; அதில் அப்பாவின் குடும்பப் பெயரோ அம்மாவின் குடும்பப் பெயரோ வரவேண்டும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் தாத்தாவின் பெயர் இருந்தால், பேரப்பிள்ளைக்கும் தாத்தா பெயரே ஏறும். அந்த இடம் காலியாக இருந்தால் கவுன்டரில் தொடங்கும் கேள்வி லேசில் முடியாது. கர்ப்பம் உறுதியானதுமே இரண்டு பாஸ்போர்ட்டையும் திறந்து பாருங்கள். திருத்த வேண்டுமானால் இந்தியத் தூதரகம் வழியாக ஐந்தாம் மாதத்துக்குள் திருத்திக்கொள்ளுங்கள். கல்யாணத்தைப் பதிவு செய்யாமல் விட்டவர்கள் ஊரில் பதிந்து, சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் சான்று) வாங்கி வரவழைக்கவேண்டும். பெயர் சூட்டு விழாவை எப்போது வேண்டுமானாலும் வையுங்கள், ஆனால் எழுத்துக்கூட்டலை முன்பே முடிவு செய்துவிடுங்கள். 30 நாள் தாண்டினால் தாமதக் காரணம், கூடுதல் சான்று என்று வேலை பெருகும்.

இங்கே பிறந்ததால் மட்டும் பிள்ளைக்குத் தென்னாப்பிரிக்கக் குடியுரிமை வந்துவிடாது. பெற்றோர் இருவரும் தற்காலிக வீசாவில் இருந்தால் வராது. ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, குழந்தைக்கு இந்தியப் பாஸ்போர்ட் எடுத்து, அதன்மேல் விஎஃப்எஸ் என்ற வீசா விண்ணப்ப மையம் வழியாகக் குழந்தைக்கென்று தனி வீசா வாங்குங்கள். இந்த வரிசை மாறக்கூடாது. வீசா வரும் முன் ஊருக்குக் கிளம்பினால், திரும்பிவர அங்கிருந்து புதிதாக விண்ணப்பிக்க நேரிடும்.

பிள்ளை பார்க்க வரும் அம்மாவுக்கோ மாமியாருக்கோ பார்வையாளர் வீசா அதிகபட்சம் 90 நாள். 37 வாரம் முடியும்போது வந்து இறங்கினால், பிரசவம் 41 வாரத்துக்குத் தள்ளிப்போனாலும் குழந்தையோடு இரண்டு மாதம் கிடைக்கும். சுக்கு, ஓமம், வெந்தயம், பூண்டுக்காக அவர் பெட்டியை நிரப்ப வேண்டாம். டர்பன் விக்டோரியா தெரு மார்க்கெட்டிலும் ஜோகன்னஸ்பர்க் ஃபோர்ட்ஸ்பர்க் கடைகளிலும் வாங்கலாம். தேனை அனுமதியில்லாமல் நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. சேனை வைக்கவும் அது வேண்டாம்: ஒரு வயதுக்கு முன் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற நச்சுநோய் வர வாய்ப்புண்டு.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஜோகன்னஸ்பர்க் இரவு உறைநிலையைத் தொடும்; வீடுகளில் பெரும்பாலும் மைய வெப்பமூட்டல் கிடையாது. ஆயில் ஹீட்டர் வைத்து அறையை 20 டிகிரியை ஒட்டி வைத்தால் போதும். குளிருக்கு ஜன்னலை அடைத்துவிட்டுக் குளிப்பாட்டிய பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டாதீர்கள். மூடிய அறையில் அந்தப் புகை முழுக்கப் பிஞ்சு நுரையீரலுக்குள்தான் போகும். வாடகை வீட்டுக் கூரையில் தூளி கட்டக் கொக்கி இருக்காது, திரைக்கம்பியில் கட்டுவது ஆபத்து. கெட்டியான மெத்தையில், தலையணை இல்லாமல், மல்லாக்கப் படுக்கவையுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு கார் சீட் சட்டப்படி கட்டாயம். 36 வாரத்திலேயே பின்சீட்டில், பின்னோக்கிப் பார்க்கும்படி பொருத்திப் பழகிவிடுங்கள்.

தடுப்பூசி அட்டவணை ஊரிலிருந்து சற்று வேறு. பிறந்ததும் பிசிஜியும் போலியோ சொட்டும். ஊரில் பிறந்த உடனே போடும் ஹெபடைடிஸ்-பி இங்கே பொதுவாக 6 வாரத்தில்தான், ஆறு நோய்க்கான ஒரே ஊசியில் சேர்ந்து தொடங்கும். பிறகு 10, 14 வாரங்களில். தட்டம்மை ஊசியின் முதல் தவணை ஊரில் 9 மாதத்தில், இங்கே 6 மாதத்தில். நடுவில் ஊருக்குப் போவதானால் தடுப்பூசி விவரம் பதியும் ‘ரோடு டு ஹெல்த்’ கையேட்டை பாஸ்போர்ட்டோடு சேர்த்து எடுத்துச் செல்லுங்கள், அதைப் பார்த்துத்தான் அங்கே அடுத்த ஊசி போடுவார்கள்.