ஏரியிலும் கடலிலும் சேர்ந்து நீந்த

நீச்சல் குளத்தில் நிற்காமல் 500 மீட்டர் நீந்தவும், ஆழத்தில் ஐந்து நிமிடம் மல்லாந்து மிதக்கவும் முடிந்தால் திறந்த நீருக்கு வரலாம். தனியாக மட்டும் வேண்டாம். நான்கைந்து பேர் போதும்; அதில் ஒருவருக்காவது அந்தத் தண்ணீர் நன்றாகப் பழகியிருக்க வேண்டும்.

தொப்பி ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பில் இருக்கட்டும். கறுப்பும் நீலமும் அலையில் மறைந்துவிடும். இடுப்பில் கட்டி இழுத்துச் செல்லும் காற்று மிதவை படகோட்டிகளின் கண்ணில் பளிச்சென்று படும். களைத்தால் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம். ஆனால் நீந்தத் தெரியாதவரை அது காப்பாற்றாது. உப்புநீரில் கழுத்தும் அக்குளும் உராய்ந்து எரியும், முன்பே வாஸ்லின் தடவுங்கள்.

குளிர்ந்த நீரில் குதிக்காதீர்கள். உடல் திடுக்கிட்டுத் தன்னையறியாமல் மூச்சை இழுக்கும். அந்த நொடி முகம் நீருக்குள் இருந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும். இடுப்பளவு நீரில் நின்று முகத்தையும் பிடரியையும் நனைத்து, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் படபடப்பு அடங்கும். அதன் பிறகு நீந்துங்கள்.

நீச்சல் குளத்தில் இருப்பதுபோல் இங்கே தரையில் கோடு கிடையாது. கரையில் உயரமான கட்டடத்தையோ மரத்தையோ குறி வையுங்கள். நங்கூரமிட்ட படகு வேண்டாம், அது சுற்றிக்கொண்டே இருக்கும். எட்டு கைவீச்சுக்கு ஒருமுறை முதலைபோல் கண்ணை மட்டும் நீருக்கு மேலே கொண்டுவந்து பாருங்கள். உடனே தலையைப் பக்கவாட்டில் திருப்பி மூச்செடுங்கள். முழுத் தலையையும் தூக்கினால் இடுப்பு தாழும், கழுத்து வலிக்கும், வேகமும் போய்விடும்.

கூட்டம் சிதறுவதற்குப் பெரும்பாலும் தூரக்கணக்கே காரணம். நேரக்கணக்கில் நீந்துங்கள். சம வேகமுள்ளவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து, கரையை ஒட்டிப் பத்து நிமிடம் போய், கைக்கடிகாரம் அதிர்ந்ததும் அங்கங்கேயே திரும்புங்கள். முன்னே போனவர்களுக்குத் திரும்பும் தூரம் அதிகம், பின்தங்கியவர்களுக்குக் குறைவு. ஏறக்குறைய எல்லோரும் ஒன்றாகக் கரையேறுவீர்கள். யாரும் யாருக்காகவும் குளிரில் காத்திருக்க வேண்டாம், மெதுவாக நீந்துபவருக்கும் கூச்சம் இல்லை. போகும்போது நீரோட்டத்தை எதிர்த்தே போங்கள். களைத்துத் திரும்பும் கைகளுக்கு அது துணை.

கரையில் ஒருவர் நிற்க வேண்டும்: இறங்கும்போது தலை எண்ண, ஏறும்போது மறுபடி எண்ண. ஒற்றைக் கையை நேராக உயர்த்தினால் உதவி வேண்டும் என்று பொருள். கடல் உள்ளே இழுத்தால் எதிர்த்துப் போராடாதீர்கள். கரைக்கு இணையாக நீந்தி, இழுப்பு விட்டதும் சாய்வாகக் கரை திரும்புங்கள்.

குளிர்நீரிலிருந்து ஏறிய பிறகும் அரைமணி நேரம்வரை உடலின் உட்சூடு இறங்கலாம். ஏறும்போது தெம்பாக இருந்தவருக்குப் பத்து நிமிடம் கழித்துப் பல் கிட்டும். ஈரத்துணியைக் கழற்றித் துவட்டி, மேலுடம்புக்கு முதலில் உடுத்துங்கள். உடனே வெந்நீரில் குளிக்கவோ வண்டி எடுக்கவோ வேண்டாம். பிளாஸ்க்கில் சூடான பானம் கொண்டுவாருங்கள், இரண்டு டம்ளர் கூடுதலாக. நடுக்கம் தீரும்வரை சேர்ந்து உட்கார்ந்திருக்கும் அந்த அரைமணியில்தான் புதியவர் குழுவில் ஒருவராகிறார். அலை எப்படி இருந்தது, எங்கே பயந்தார் என்று கேளுங்கள்.

கிளம்பும் முன்பே அடுத்து நீந்தும் நாளையும், கரையில் நிற்பது யார் என்பதையும் பேசி முடித்துவிடுங்கள். அந்த வேலையை முறைவைத்து மாற்றுங்கள். ஒருவர் தலையிலேயே விழுந்தால் சீக்கிரமே அவர் வருவதை நிறுத்திவிடுவார்.