சின்ன கான்ஃபரன்ஸ் அணி பிளே-ஆஃபுக்குள் வருமா? துண்டுத்தாளில் கணக்குப் போடும் முறை

2025 டிசம்பரில் நண்பர் ஒருவரிடம் பீட்சா பந்தயம் கட்டித் தோற்றேன். "அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் பிளே-ஆஃபில் சின்ன கான்ஃபரன்ஸுக்கு ஒரே ஒரு இடம்தான். டுலேன் வந்தாச்சு, ஜேம்ஸ் மேடிசன் மூட்டையைக் கட்டலாம்" என்று அடித்துச் சொன்னேன். (கான்ஃபரன்ஸ் என்றால் காலேஜ் அணிகள் தங்களுக்குள் ஆடும் குழு. பிளே-ஆஃப், சீசன் கடைசியில் 12 அணிகள் மோதும் நாக்-அவுட். டுலேன், ஜேம்ஸ் மேடிசன் இரண்டும் சின்ன கான்ஃபரன்ஸ் அணிகள்.) இரண்டு அணிகளும் உள்ளே வந்துவிட்டன. பீட்சா வாங்கிக் கொடுத்த பிறகுதான் விதியை ஒழுங்காகப் படித்தேன். ஆட்டம் தெரிந்து, இந்தக் கணக்கு மட்டும் பிடிபடாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: தாளில் கான்ஃபரன்ஸ் பெயர்களை எழுதுங்கள்

எஸ்.இ.சி., பிக் டென், பிக் 12, ஏ.சி.சி. நான்கும் பெரியவை. அமெரிக்கன், மவுண்டன் வெஸ்ட், சன் பெல்ட், மிட்-அமெரிக்கன், கான்ஃபரன்ஸ் யு.எஸ்.ஏ. ஐந்தும் சின்னவை. 2024, 2025 சீசன்களில் பேக்-12 என்ற இன்னொரு கான்ஃபரன்ஸில் மிஞ்சியிருந்தவை இரண்டே அணிகள், அதனால் அதை விட்டுவிடலாம்.

படி 2: ஒவ்வொன்றுக்கும் நேரே சாம்பியன் பெயர்

புள்ளிப் பட்டியலில் முதலில் நிற்கும் அணி சாம்பியன் ஆகிவிடாது. டிசம்பர் முதல் வாரத்தில் நடக்கும் கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தில் ஜெயிக்க வேண்டும். 2025இல் நார்த் டெக்சஸ் 11 வெற்றி, 1 தோல்வியோடு அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்துக்காக நியூ ஆர்லியன்ஸுக்கு வந்தது. டுலேனிடம் 34-21 என்று தோற்றது, அதோடு கனவு முடிந்தது. சின்ன கான்ஃபரன்ஸில் இரண்டாம் இடத்துக்கு வந்தால், தேர்வுக் குழு தரவரிசைப்படி தரும் மிச்ச இடங்களை நம்பி நிற்கப் பெரிய துணிச்சல் வேண்டும்.

படி 3: சரியான தரவரிசையை எடுங்கள்

ஏ.பி. பட்டியலைத் தொடாதீர்கள். அது பத்திரிகையாளர்கள் போடும் ஓட்டு, பிளே-ஆஃபுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 13 பேர் கொண்ட தேர்வுக் குழு வெளியிடும் 25 அணிப் பட்டியல்தான் கணக்கு. நவம்பரிலிருந்து வாராவாரம் வரும், ஆனால் டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை வரும் கடைசிப் பட்டியலே செல்லும். 'வாய்ப்பு 63 சதவீதம்' என்றெல்லாம் காட்டும் கணிப்புத் தளங்களும் எனக்குப் பிடிக்காது. பென்சிலும் அதிகாரப்பூர்வப் பட்டியலும் போதும்.

படி 4: நான் சறுக்கிய இடம்

2025 விதியில் 'சின்ன கான்ஃபரன்ஸுக்கு ஒன்று' என்ற வரியே கிடையாது. 12 இடங்களில் 5 இடம், தரவரிசையில் மேலே இருக்கும் ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு. மிச்சம் 7 இடம், சாம்பியனோ இல்லையோ, தரவரிசைப்படி. அவ்வளவுதான். பெரிய கான்ஃபரன்ஸ்கள் நான்கு என்பதால் ஐந்தாவது இடம் சின்னவர்களுக்குக் கட்டாயம் வரும், அதனால்தான் ஒதுக்கீடு மாதிரித் தெரிகிறது. நான் அதையே உச்சவரம்பு என்று நினைத்துவிட்டேன்.

இப்போது தாளில் சாம்பியன்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் அடித்துவிடுங்கள். 2025இல் என் தாளில் மிஞ்சியவை (அடைப்புக்குள் தரவரிசை): இந்தியானா (1), ஜார்ஜியா (3), டெக்சஸ் டெக் (4), டுலேன் (20), ஜேம்ஸ் மேடிசன் (24).

ஏ.சி.சி. எங்கே? அங்கே இரண்டாம் இடத்துக்கு ஐந்து அணிகள் சமமாக நின்றன. சமநிலை முறிக்கும் விதியில் தேறி இறுதி ஆட்டத்துக்குப் போனது, அதுவரை ஐந்து தோல்வி கண்ட டியூக். அங்கே கூடுதல் நேரத்தில் வர்ஜீனியாவை 27-20 என வீழ்த்திக் கோப்பையையும் தூக்கிவிட்டது. எட்டு வெற்றி, ஐந்து தோல்வியோடு ஒரு சாம்பியன்! குழுவின் 25இல் அதற்கு இடமே இல்லை. ஐந்தாவது சாம்பியனாக ஜேம்ஸ் மேடிசன் நுழைந்தது இந்தச் சந்து வழியாகத்தான்.

படி 5: இடத்தில் உட்கார வையுங்கள்

20ஆவது, 24ஆவது ரேங்க் அணிகள் 11, 12ஆம் இடங்களில் உட்காரும். அங்கே இருக்க வேண்டிய நோட்ரே டேமும் பி.ஒய்.யு.வும் வெளியே. முதல் நான்கு இடங்களுக்கு முதல் சுற்று ஓய்வு உண்டு. 2024இல் அந்த ஓய்வு மேலே உள்ள நான்கு சாம்பியன்களுக்கு என்று இருந்தது, அதனால் 9ஆவது ரேங்கில் இருந்த சின்ன கான்ஃபரன்ஸ் சாம்பியன் பாய்ஸி ஸ்டேட் மூன்றாம் இடத்தில் உட்கார்ந்தது. 2025 முதல் நேராகத் தரவரிசைதான். பழைய கட்டுரைகளைப் படித்துக் குழம்பாதீர்கள்.

ஒருவர் கேட்டார்: ஜேம்ஸ் மேடிசனுக்கு ஒரே தோல்வி, டுலேனுக்கு இரண்டு, பிறகு டுலேன் எப்படி மேலே? யாரோடு ஆடினார்கள் என்று பாருங்கள். டுலேன் ஆகஸ்ட் கடைசியிலேயே பிக் டென் அணியான நார்த்வெஸ்டர்னை ஜெயித்தது, பிற்பாடு ஏ.சி.சி. கோப்பையைத் தூக்கிய அதே டியூக்கையும் 34-27 என ஜெயித்தது. ஜேம்ஸ் மேடிசன் பெரிய கான்ஃபரன்ஸ் அணியோடு ஆடியது லூயிவில்லுடன் மட்டும், அதிலும் தோல்வி. சின்ன அணியைப் பின்தொடர்வதாக இருந்தால் ஆகஸ்ட், செப்டம்பர் அட்டவணையைத்தான் முதலில் புரட்ட வேண்டும்.

(முதல் சுற்றில் டுலேன் ஓல் மிஸ்ஸிடம் 41-10, ஜேம்ஸ் மேடிசன் ஓரிகனிடம் 51-34. "இதுக்குத்தானா?" என்றார் பீட்சா நண்பர். தகுதி வேறு, ஆட்டம் வேறு.)

பின்சேர்க்கை: 2026 சீசனுக்குப் படி 4 மாறுகிறது. நான்கு பெரிய கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கும் ரேங்க் எதுவானாலும் இடம் உறுதி. பாய்ஸி ஸ்டேட் போன்ற அணிகளைச் சேர்த்துப் பேக்-12 மறுபடி எழுந்திருப்பதால் மற்ற கான்ஃபரன்ஸ்கள் ஆறு. அவற்றின் சாம்பியன்களில் மேலே இருப்பவருக்கு ஒரே ஓர் உறுதியான இடம். எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராத நோட்ரே டேமும், முதல் 12க்குள் இருந்தால் உள்ளே. இந்த விதி 2025இல் இருந்திருந்தால் ஜேம்ஸ் மேடிசன் இடத்தில் டியூக் உட்கார்ந்திருக்கும், பீட்சா எனக்கு வந்திருக்கும். அதனால் இனி தாளை இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள்: ஒரு பக்கம் நால்வர், மறுபக்கம் அந்த ஆறு பேர்.