கப்பல் கட்டும் தளத்தில் முதல் வருடம்: புதிய மின் பொறியாளருக்கு

கல்லூரியில் நியூட்ரலை எர்த் செய்ய, அதாவது பூமியோடு இணைக்கத்தான் கற்றிருப்பீர்கள். சரக்குக் கப்பல்களில் 440 வோல்ட் மின்சாரம் பெரும்பாலும் அப்படி இருக்காது. நியூட்ரலைக் கப்பலின் உடலோடு சேர்ப்பதில்லை. அதனால் ஒரு ஃபேஸ் இரும்பில் பட்டாலும் பிரேக்கர் விழாது, சுக்கான் மோட்டார் நிற்காது. நடுக்கடலில் அதுதான் உயிர். ஆனால் ஸ்விட்ச்போர்டில் ஃபேஸுக்கு ஒன்றாக உள்ள மூன்று எர்த் விளக்குகளில் ஒன்று மங்கினால் அந்த ஃபேஸ் எங்கோ இரும்பில் பட்டிருக்கிறது, அன்றே தேடுங்கள். இன்னொரு ஃபேஸும் எங்காவது இரும்பைத் தொட்டால் நேராக ஷார்ட் சர்க்யூட்தான். முதல் வாரத்திலேயே இது மனதில் பதிய வேண்டும்.

அப்புறம், நடங்கள். சிங்கப்பூர் துவாஸில் நான் சேர்ந்தபோது எங்கள் ஃபோர்மேன் புதுக்கோட்டைக்காரர். "தம்பி, ட்ராயிங்கை மடிச்சு வைங்க, முதல்ல நடந்து பார்த்துட்டு வருவோம்" என்றார். ட்ராயிங்கில் கேபிள் ட்ரே இருந்த இடத்தில் கப்பலில் குழாய் ஓடியது. அவர் இருபது வருடம் கேபிள் இழுத்தவர். இப்படிப்பட்டவர்களை அண்ணன் என்று கூப்பிட்டுக் கேளுங்கள், எல்லாம் சொல்லித் தருவார்கள்.

நான் பட்ட பாடு ஒன்று. இன்ஜின் அறைத் தடுப்புச்சுவரில் கேபிள் நுழையும் சட்டத்தை அடைத்து, கப்பலைப் பரிசோதிக்கும் சர்வேயரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். மறுநாள்தான் ஒரு அலாரம் கேபிள் விடுபட்டது தெரிந்தது. முழுவதும் பிரித்து, துடைத்து, மறுபடி அடைத்து, மறுபடி சர்வேயரை அழைத்தோம். தண்ணீரையும் தீயையும் தடுக்கும் சுவர் அது, இடைவெளி விட முடியாது. அடைப்பதற்கு முன் கேபிள் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணுங்கள். பின்னால் வரும் கேபிளுக்கு சட்டத்தை அடைக்கும் பிளாக்குகளில் ஓரிரண்டை கேபிள் இல்லாமல் விடச் சொல்லுங்கள்.

மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) போடும் முன் எலக்ட்ரானிக் கார்டுகளைக் கழற்றுங்கள். மெகரின் 500 வோல்ட் அவற்றைச் சுட்டுவிடும். 440 வோல்ட் கேபிளுக்கு 1 மெகாஓம் என்பது கீழ் எல்லைதான். புதிய கேபிள் 2 காட்டினால் பாஸ் போடாதீர்கள், கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் உள்ள கிளாண்டைத் திறந்து ஈரம் இருக்கிறதா பாருங்கள். முடிந்ததும் கேபிளில் தேங்கிய மின்சாரத்தை இறக்கிவிட்டுத் தொடுங்கள்.

டாங்குக்குள் போக வேண்டுமென்றால் அனுமதிச் சீட்டு இல்லாமல், வாயு மீட்டரில் ஆக்ஸிஜன் 20.9 சதவீதம் பார்க்காமல் காலை வைக்காதீர்கள். யார் அவசரப்படுத்தினாலும் சரி.

கடைசியில் பிளாக்அவுட் சோதனை வரும். மெயின் மின்சாரத்தை வேண்டுமென்றே அணைப்பார்கள். எமர்ஜென்சி ஜெனரேட்டர் 45 நொடிக்குள் தானாகக் கிளம்பி லோடு எடுக்க வேண்டும். அன்று கையில் ஸ்டாப்வாட்ச்சோடு எமர்ஜென்சி ஸ்விட்ச்போர்டு பக்கத்திலேயே நில்லுங்கள்.