காணாமல் போன பெண்ணின் வழக்கைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பெண் காணாமல் போகிறார். சில நாட்களில் அவருடைய கணவரோ, கூட வாழ்ந்தவரோ கைதாகிறார். அன்று மாலைக்குள் கொலை எப்படி நடந்தது, ஏன் நடந்தது, எத்தனை மணிக்கு நடந்தது என்று விளக்கும் வீடியோக்கள் வரிசையாக வந்துவிடுகின்றன. போலீசுக்கே அப்போது பாதிதான் தெரிந்திருக்கும்.

குற்ற வழக்குகளை நீதிமன்றத்தில் உட்கார்ந்து கவனித்து எழுதுவது என் வேலை. புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சியும் தருகிறேன். எங்கள் தலைமுறை அச்சில் செய்த அதே தவறுகளை இவர்கள் கேமராவில் செய்வதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். வேறு யாருடைய படத்தையோ போடுவது, வயதைத் தப்பாக எழுதுவது மாதிரியான பிழைகளை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

காணவில்லை என்ற கட்டத்திலேயே கொலை என்று எழுதுவது

முதலில் பதிவாவது 'பெண் காணவில்லை' என்ற எஃப்ஐஆர்தான். கொலை என்று நம்புவதற்கு ஆதாரம் கிடைத்த பிறகு, பிரிவுகளை மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்புவார்கள். இப்போதைய சட்டத்தில் கொலைக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-வது பிரிவு, தடயத்தை மறைத்ததற்கு 238-வது பிரிவு. இந்த மாற்றம் நடந்துவிட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு போன் போதும். பலர் அதைக்கூடச் செய்வதில்லை.

2023 ஜனவரி 27 அன்று இங்கிலாந்தின் லங்காஷயரில் ஒரு தாய், குழந்தைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஆற்றங்கரையில் நாயோடு நடக்கப் போனவர், காணாமல் போனார். அவருடைய போன் அங்கிருந்த பெஞ்சில் கிடந்தது. ஆற்றில் விழுந்திருக்கலாம் என்றே போலீஸ் சொன்னது. உலகம் கேட்கவில்லை. இணையத்தில் அவருடைய துணைவரைக் கொலைகாரர் ஆக்கினார்கள். வெளியூர்க்காரர்கள் கேமராவோடு அந்தச் சின்ன ஊருக்குள் இறங்கினார்கள். பிப்ரவரி 19 அன்று அதே ஆற்றில் உடல் கிடைத்தது. அந்த ஜூனில் நடந்த மரண விசாரணை, தவறி விழுந்து மூழ்கிய விபத்து என்று முடிவு சொன்னது. அந்த மூன்று வாரங்களும் அந்த மனிதர், தாயைத் தேடும் இரண்டு குழந்தைகளோடு வீட்டில் இருந்தார்.

துணைவர் மேல் முதலில் சந்தேகம் வருவது நியாயமில்லையா என்று கேட்பார்கள். நியாயம்தான். 2023-ல் உலகம் முழுக்கக் கொல்லப்பட்ட சுமார் 85,000 பெண்களிலும் சிறுமிகளிலும் ஏறக்குறைய 51,000 பேரைக் கொன்றது துணைவரோ குடும்பத்தாரோதான் என்று ஐ.நா. அறிக்கை சொல்கிறது. எந்தத் திசையில் முதலில் விசாரிக்க வேண்டும் என்பதற்கு அந்தக் கணக்கு உதவும். இந்த வீட்டில், இந்த மனிதர் என்ன செய்தார் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

'பரபரப்பு வாக்குமூலம்'

கைதான மறுநாள் இந்தத் தலைப்பு வராத வழக்கே இல்லை. "ஆத்திரத்தில் கழுத்தை நெரித்தேன்" என்று மேற்கோள் குறிக்குள், அவரே செய்தியாளரிடம் உட்கார்ந்து சொன்னது போல எழுதுகிறார்கள். விசாரித்தால், போலீஸ் தரப்பிலிருந்து யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு பக்கமாக இருக்கும்.

போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கைதானவருக்கு எதிராக நிரூபிக்கவே முடியாது. 1872-ன் சாட்சியச் சட்டத்தில் இது 25-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தில் 23-வது பிரிவு. ஒரே ஒரு விலக்கு உண்டு. அவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். "கத்தியைக் கிணற்றில் போட்டிருக்கிறேன், காட்டுகிறேன்" என்று சொல்லி, கத்தி கிடைத்தால், அந்த வரி உள்ளே வரும். "அந்தக் கத்தியால் குத்தினேன்" என்பது வராது. ஆங்கிலேயர் காலத்தில் இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் தெளிவாகச் சொன்னது இது. மாஜிஸ்திரேட் முன்னால் கொடுக்கும் வாக்குமூலம் வேறு. அங்கே, நீ சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை, சொன்னால் உனக்கு எதிராகப் பயன்படும் என்று மாஜிஸ்திரேட் எச்சரித்த பிறகுதான் பதிவு செய்வார்.

இதைச் சொல்லாமல் எழுதுவதால் என்ன நடக்கிறது? ஊரே அந்த 'வாக்குமூலத்தை'ப் படித்துவிடுகிறது. வருஷங்கள் கழித்து அது இல்லாமல் தீர்ப்பு வருகிறது. "அவனே ஒப்புக்கொண்டானே, எப்படி விட்டார்கள்? காசு விளையாடிவிட்டது" என்கிறார்கள். நீதிமன்றத்தின் மேல் அந்த அவநம்பிக்கையை விதைத்தது நாம்தான்.

சாட்சியின் முன்னால் மைக்கை நீட்டுவது

மற்ற எல்லாத் தவறுகளையும் பொறுத்துக்கொள்வேன். இதை மட்டும் என்னால் முடியவில்லை.

நான் முழுக்க உட்கார்ந்து பார்த்த ஒரு விசாரணை. கூட வாழ்ந்த பெண்ணைக் கொன்றதாக ஒருவர் மேல் வழக்கு. நேரில் பார்த்த சாட்சி இல்லை. எல்லாம் சந்தர்ப்ப சாட்சியம். அதில் ஒரு முக்கியமான கண்ணி, எதிர்வீட்டில் இருந்த வயதான அம்மா. இரவு ஒன்றரை மணிக்கு மேல் கதவு சாத்தும் சத்தமும், கார் கிளம்பும் சத்தமும் கேட்டதாகப் போலீசிடம் சொல்லியிருந்தார். அவ்வளவுதான். ஆனால் அந்த நேரம் மிக முக்கியம். அன்று இரவு முழுக்கத் தூங்கினேன் என்பது குற்றம் சாட்டப்பட்டவருடைய பதில். கதவும் காரும் ஒன்றரை மணிக்கு நகர்ந்தன என்றால் அந்தப் பதில் நிற்காது.

கைது நடந்த வாரமே கேமராக்கள் அந்த அம்மாவின் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டன. முதல் பையன் கேட்டான், "கையில ஏதாவது எடுத்துட்டுப் போனாராம்மா?" அவர் யோசித்து, "இருந்திருக்கும்போல" என்றார். அடுத்து வந்தவர் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வந்தவர். "அந்தப் பை எவ்வளவு பெரிசு?" என்று ஆரம்பித்தார். பெரிய பை என்று பதில் வந்தது. மூன்றாவது பேட்டியில் அவர் ஜன்னல் வழியாகவே பார்த்திருந்தார். பை கனமாக இருந்தது. அந்த ஆள் அதை இழுத்துக்கொண்டு போனார்.

அந்த அம்மா பொய் சொல்கிறவர் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வியிலிருந்தே நம் ஞாபகம் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். கேள்வியில் பை இருந்தால் சில நாளில் ஞாபகத்திலும் பை வந்துவிடும். எதிரே இருப்பவர் தலையாட்டினால் உறுதி கூடும். இது எல்லா மனிதர்களுக்கும் நடப்பது. அதனால்தான் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்து சாட்சியிடம் கேட்க, அழைத்து வந்த தரப்புக்கே முதல் விசாரணையில் சட்டம் தடை போடுகிறது. நம் பையன்களுக்கு அந்தத் தடை இல்லை.

விசாரணை வந்தது. கூண்டில் அந்த அம்மா ஜன்னல், பை, இழுத்தது எல்லாவற்றையும் சொன்னார். போலீஸ் பதிவு செய்த முதல் வாக்குமூலத்தில் அதெல்லாம் இல்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மின்னணு ஆவணத்துக்கான சான்றோடு மூன்று வீடியோக்களையும் தாக்கல் செய்து, ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் காட்டினார். "இந்த மூணுல எதும்மா உண்மை?" என்றார். கத்தவில்லை, மிரட்டவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார். அந்த அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை.

தீர்ப்பில் அவருடைய சாட்சியம் முழுவதுமே நம்பத்தக்கதல்ல என்று ஒதுக்கப்பட்டது. கூட்டிச் சொன்னதோடு சேர்ந்து, அவர் உண்மையாகவே கேட்ட அந்த ஒன்றரை மணிச் சத்தமும் போய்விட்டது. சந்தர்ப்ப சாட்சிய வழக்கில் ஒவ்வொரு கண்ணியும் முழுமையாக நிரூபணமாக வேண்டும், சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும், குற்றவாளி என்பதைத் தவிர வேறு முடிவுக்கு இடமே இருக்கக் கூடாது. 1984-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த ஐந்து விதிகளின் சாரம் அது. அந்த வழக்குமே மனைவியின் மரணத்தில் கணவர் மேல் போடப்பட்டதுதான். கீழே தூக்குத் தண்டனை வாங்கியவர் உச்ச நீதிமன்றத்தில் விடுதலையானார். நான் பார்த்த வழக்கிலும் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவித்தார்கள்.

அவர் செய்தாரா இல்லையா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமலேயே அந்தக் கோப்பு மூடப்பட்டது. செய்திருந்தால், அந்தப் பெண்ணின் பெற்றோர் இழந்தது நீதியை. செய்யவில்லை என்றால், அவருக்குக் கிடைத்திருப்பது சுத்தமான விடுதலை அல்ல. தப்பித்துவிட்டான் என்ற பெயர். மூன்று சேனல்களில் எதுவும் தீர்ப்பு நாளில் வரவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. போலீஸ் சொல்லும் நேரத்துக்குப் பிறகு அந்தப் பெண்ணை உயிரோடு பார்த்த ஒருவர் இருந்தால் என்ன ஆகும்? ஊரே கொதித்துக்கொண்டிருக்கும்போது "நான் பார்த்தேன்" என்று சொல்ல அவர் வருவாரா? கொலைகாரனுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று அவர் வீட்டு வாசலுக்கும் கேமரா வரும். இப்படி வாய் திறக்காமல் போனவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

2020-ல் ஒரு இந்தி நடிகர் இறந்தபோது அவருடைய தோழியைச் சேனல்கள் நடத்திய விதம் நினைவிருக்கும். அதையொட்டி பாம்பே உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் தவிர்க்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டது. சாட்சிகளைப் பேட்டி எடுப்பது, குற்றம் நடந்த இடத்தை நடித்துக் காட்டுவது, போலீசிடம் கொடுத்ததாகச் சொல்லப்படும் வாக்குமூலத்தைச் செல்லத்தக்க ஆதாரம் போல வெளியிடுவது, அடையாளம் காண வசதியாகக் குற்றம் சாட்டப்பட்டவரின் படத்தைப் போடுவது எல்லாம் அதில் இருக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் அதை அச்செடுத்து மேஜையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசவே கூடாதா? பேசலாம். அந்தப் பெண் எப்படிப்பட்டவர், எப்படி எல்லோரோடும் பழகினார் என்று கேளுங்கள். அந்த இரவைப் பற்றி அவராகவே ஆரம்பித்தால், "இதைப் போலீசிடம் சொல்லிவிட்டீர்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு கேமராவை அணைத்துவிடுங்கள்.

முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்வது

"அழவே இல்லை பாருங்கள்", "ரொம்ப அழுகிறான், நடிப்பு." இரண்டையும் ஒரே வழக்கில் கேட்டிருக்கிறேன்.

2010 டிசம்பரில் பிரிஸ்டலில் ஒரு இளம்பெண் காணாமல் போய், கிறிஸ்துமஸ் அன்று உடல் கிடைத்தது. வீட்டு உரிமையாளரைப் போலீஸ் கைது செய்தது. ஓய்வுபெற்ற ஆசிரியரான அவருடைய தலைமுடியையும் பழக்கவழக்கத்தையும் வைத்தே பத்திரிகைகள் அவரைக் கொலைகாரர் ஆக்கின. அடுத்த மாதம் பக்கத்து ஃபிளாட்காரர் பிடிபட்டார். 2011 அக்டோபரில் தண்டனை பெற்றவர் அவர்தான். எட்டுப் பத்திரிகைகள் அந்த ஆசிரியருக்கு அவதூறுக்கான இழப்பீடு கொடுத்தன. இரண்டு பத்திரிகைகளுக்கு நீதிமன்ற அவமதிப்புக்காக அபராதமும் விழுந்தது.

உடல் கிடைக்கவில்லை என்றால் வழக்கு நிற்காது என்பது

நிற்கும். உடல் கிடைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1981-லேயே சொல்லிவிட்டது. மரணம் நடந்தது என்பதை மற்ற ஆதாரங்களால் ஐயமின்றி நிறுவ வேண்டும்.

நார்கோ டெஸ்டில் எல்லாம் வெளியே வரும் என்பது

மருந்து கொடுத்து அரை மயக்கத்தில் கேள்வி கேட்பதுதான் நார்கோ டெஸ்ட். 2010 மே மாதம் முதல், சம்மதம் இல்லாமல் அந்தச் சோதனையைச் செய்யவே முடியாது. சம்மதத்தோடு செய்தாலும் அந்த முடிவு தன்னளவில் ஆதாரம் ஆகாது.

ஜாமீனை விடுதலை என்று எழுதுவது

இதற்கு மேல் பொறுமை இல்லை. கொலை வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்பது கைதானவருடைய உரிமை. வழக்கு அப்படியேதான் இருக்கிறது.

செல்போன் டவரை வைத்துக் கதை கட்டுவது

டவர் பதிவு காட்டுவது ஒரு பரப்பைத்தான். நகரத்தில் அது சில தெருக்கள், வெட்டவெளியில் சில கிலோமீட்டர். "அந்தக் கிணற்றடியில் நின்றிருக்கிறான்" என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

அந்தப் பெண்ணின் வாழ்க்கையைத் துருவுவது

கல்யாணம் செய்யாமல் ஏன் கூட வாழ்ந்தாள், அப்பா அம்மா பேச்சை ஏன் கேட்கவில்லை, முன்பு யாரோடு பழகினாள். இந்தக் கேள்விகளில் எதுவும் யார் கொன்றார் என்று கண்டுபிடிக்க உதவாது. உயிரோடு இருந்து பதில் சொல்ல முடியாத ஒருவரின் இன்ஸ்டாகிராம் படங்களை ஓட்டி, அதற்குக் கீழே ஆயிரம் பேரை ஏச வைக்கிறார்கள். அந்தக் கருத்துகளை அவருடைய தங்கையோ அண்ணனோ ராத்திரியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிப்பார்கள். படித்தவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

சட்டமும் ஒன்று சொல்கிறது. கொலையோடு பாலியல் வன்கொடுமைப் பிரிவும் சேர்ந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவின்படி பெயரையோ, அடையாளம் தெரியும் எதையுமோ வெளியிடக் கூடாது. இரண்டு ஆண்டு வரை சிறை. இறந்துவிட்டார் என்பதால் இந்தத் தடை போகாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இந்தப் பிரிவு பாதி விசாரணையில், பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு சேர்வதுண்டு. அன்றைக்கே பழைய வீடியோக்கள், தம்ப்நெயில்கள், ஹாஷ்டேக் எல்லாவற்றிலிருந்தும் பெயரை எடுக்க வேண்டும். குடும்பமே போட்டோ கொடுத்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

கைதோடு விட்டுவிடுவது

கைது நாளில் ஐந்து வீடியோ போட்டவர்கள் தீர்ப்பு நாளில் ஒன்றுகூடப் போடுவதில்லை. இடையில் நாலைந்து வருஷம் ஓடியிருக்கும், மறந்திருப்பார்கள். இதற்கு வழி இருக்கிறது. வழக்கு நீதிமன்றத்தில் எண்ணிடப்பட்டதும், அந்த வழக்குக்கு மட்டுமே உரிய, எழுத்தும் எண்ணும் கலந்த பதினாறு இலக்க சி.என்.ஆர். எண் கிடைக்கும். அதைக் குறித்து வைத்துக்கொண்டால் இ-கோர்ட்ஸ் தளத்தில் அடுத்த வாய்தா எப்போது, எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும். தீர்ப்பு வந்ததும் புதிதாக ஒரு செய்தி போடுவதோடு நிற்காமல், பழைய செய்தி ஒவ்வொன்றின் தலையிலும் அந்த முடிவைச் சேருங்கள். தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது அந்தப் பழைய தலைப்புதான். மேல்முறையீடு போனால் அதையும் அங்கேயே சேர்க்க வேண்டும்.